காலில் இறங்கும் இடுப்பு வலி

இடுப்பில் கிளம்பி, பின்தொடை வழியாகப் பாதம் வரை சுரீரென்று இழுக்கிறதா? இருமினால், தும்மினால் கூடுகிறதா? அது சயாட்டிக்கா நரம்பு வலியாக இருக்கலாம். உடம்பிலேயே தடித்த நரம்பு இது. கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி, நரம்பின் வேரை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள்.

நாமோ வலிக்கிற காலுக்குத்தான் தைலம் தேய்ப்போம். இதமாக இருக்கும், அவ்வளவுதான். ‘அசையாமப் படு’ என்று வீட்டில் சொல்வதையும் ஓரிரு நாளுக்கு மேல் கேட்க வேண்டாம். மெல்ல நடமாடுவதே நல்லது. பிதுங்கிய டிஸ்க் பல சமயம் தானாகவே சுருங்கிவிடும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகள் உதவும். எல்லோருக்கும் உடனே ஸ்கேன் தேவைப்படாது. அறுவைச் சிகிச்சை சிலருக்குத்தான்.

ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, பாதத்தைத் தூக்கவே முடியாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.