உடலைக் கட்டும் முப்புரி

மனிதவுடலை ஆக்கும் இழையங்கள் நால்வகைப்படும். அவை மேலணியிழையம், தசையிழையம், நரம்பிழையம், தொடுப்பிழையம் என்பன. முன்னைய மூன்றும் போர்த்தல், இயக்கல், உணர்த்தல் ஆகிய தொழில்களைப் புரிய, அவற்றைப் பிணித்துத் தாங்கி நிற்பது தொடுப்பிழையமாகும்.

ஏனைய இழையங்களிற் கலங்கள் நெருங்கியிருக்கும். தொடுப்பிழையத்திலோ அவை ஐதாகச் சிதறியிருக்க, இடைவெளியைத் தாயம் என்னும் பொருள் நிரப்பும். பெரும்பாலும் அதனூடே நார்களும் ஓடும். தாயம் நெகிழ்ந்து நார்கள் ஐதாயின், அது தோலின் கீழமையும் சிற்றிடவிழையம். நார்கள் நெருங்கி ஒரே திசையில் அடுக்குறின், தசையை என்போடு கட்டும் தசைநாணும், என்பை என்போடு கட்டும் இணையமும் ஆம். தாயம் இறுகியும் வளைந்துகொடுப்பின், மூக்கு நுனியிலுள்ள கசியிழையம். கல்சியவுப்புப் படிந்து வன்மையுறின் என்பு. கொழுப்பைச் சேமிக்கும் கலங்கள் மலிந்தது கொழுப்பிழையம். தாயம் திரவமாயின் குருதி.

குருதியொழிந்த ஏனையவற்றின் உரத்துக்கு முதற்காரணம் கொலாஜன் என்னும் புரதம். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று சங்கிலிகளால் ஆயதென 1954 இல் வெளியிட்டனர். அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டவை என 1955 இல் மேலும் தெளிவித்தனர். திரியாயில் மாடு கட்டும் முப்புரிக் கயிற்றை நோக்கின் இவ்வமைப்பு விளங்கும். புரிகளை ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவர். ஒன்று அவிழ முயலின் மற்றது இறுகும். கொலாஜனிலும் சங்கிலி ஒவ்வொன்றும் இடமுறுக்கு. மூன்றும் சேர்ந்தது வலமுறுக்கு.

இம்முப்புரி உறுதிபெற உயிர்ச்சத்து சி இன்றியமையாதது. அஃதின்றேல் முரசு கசியும்; பற்கள் ஆடும்; ஆறிய புண்ணும் மீளத் திறக்கும். இதுவே ஸ்கேவி நோய். 1783 இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் திருகோணமலைத் துறைமுகத்தினின்று சென்று கடலூரருகே பொருதபோது, ஆங்கிலத் தளபதி ஹியூஸின் மாலுமிகளுட் பலர் இந்நோயால் நலிந்திருந்தனர். குடிநீரும் குறைய, அவர் சென்னைக்குப் பின்வாங்கினார். தோடம்பழமும் எலுமிச்சையும் இந்நோயைத் தீர்த்தலை ஜேம்ஸ் லிண்ட் 1747 இலேயே கண்டிருந்தார். எனினும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795 இலேயாம். மருந்து அறியப்பட்டும் அரைநூற்றாண்டு மாலுமிகள் மாண்டனர்.

மனிதவுடல் இவ்வுயிர்ச்சத்தைத் தானே ஆக்கமாட்டாது. நெடுநாட் சேமிக்கவும் மாட்டாது. சமைக்கும்போதும் அதன் ஒரு பகுதி அழியும். ஆதலின் நெல்லி, கொய்யா, தேசிக்காய் முதலியவற்றைப் பச்சையாக அடிக்கடி உண்ணல் வேண்டும். வளரும் மாணவரின் என்பும் பல்லும் உறுதிபெற இவ்வெளிய உணவும் துணைசெய்யும்.