வாய்மொழியும் கைபேசியும்: தெல்தெனிய தரும் பாடம்

எழுத்தறிவு பரவியதும் வாய்மொழிப் பண்பாடு மறைந்துவிடும் என்பது பொதுவான கருத்து. இது மறுபரிசீலனைக்குரியது. வால்டர் ஒங் 1982இல் வெளியிட்ட நூலில், வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றால் தோன்றிய பேச்சு மரபை ‘இரண்டாம் நிலை வாய்மொழி’ என இனங்கண்டார். இன்றைய குரற்பதிவுகளையும் காணொளிகளையும் இவ்வகையிற் சேர்க்கலாம்.

ஆயின், முதனிலை வாய்மொழியினின்றும் இது அடிப்படையில் வேறுபடுகின்றது. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தை நோக்குவோம். பாடுவோரைப் பார்ப்போர் அறிவர், பாட்டையும் அறிவர். அங்கு சொல்லுக்குச் சபை சாட்சி. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியபோது சொல் நிலைபெற்றது, சபை விடுபட்டது. கைபேசி குரலை மீட்டுத் தந்தது, சபையை அன்று.

இதன் விளைவைத் தெல்தெனியவிற் கண்டோம். தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதியொருவர் 2018 மார்ச்சில் இறந்ததையடுத்து, தெல்தெனிய, திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சமூக ஊடகங்களில் வெறுப்புரை பரவியது. அரசு அவற்றைச் சில நாட்கள் முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. இனவாதத்தைத் தொழில்நுட்பம் தோற்றுவிக்கவில்லை. அதன் வேர்கள் அரசியலில் உள்ளன. ஆனால் வதந்திக்கு அது முகமற்ற குரலை அளித்தது.

எனவே, வாய்மொழியைப் பழம்பொருளாகப் பேணுதல் மட்டும் போதாது. சொல்பவர் யார், எவர்முன் சொல்கிறார் என வினவும் சபையொழுக்கத்தைப் புதிய ஊடகத்துக்குள்ளும் கொணர்தல் நம் கடமையாகும்.