ராக்கர் ஆர்மா, பெரிய கேம் ஷாஃப்டா? என்ஜின் திறனைக் கூட்ட எது ஏற்றது: ஒரு விரிவான பார்வை

புதுடெல்லி: பழைய புல்லட், அம்பாசடர் போன்ற வாகனங்களைப் பேணி வருவோர் பலருக்கும் ஒரு கட்டத்தில் எழும் ஆசை, என்ஜினின் திறனைச் சற்றே கூட்ட வேண்டும் என்பதாகும். அப்போது இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, விகிதம் கூடிய ராக்கர் ஆர்ம்களைப் பொருத்துவது. மற்றொன்று, கேம் ஷாஃப்டையே பெரியதாக மாற்றுவது. இரண்டும் வால்வை அதிகமாகத் திறக்கின்றன என்பதால், ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் இவை செய்யும் வேலைகள் வேறு வேறு. அந்த வேறுபாட்டை அறியாமல் செலவு செய்தால், பணம் போவதோடு நகரச் சாலையில் முன்பைவிடத் தளர்வாக ஓடும் வண்டியே மிஞ்சக்கூடும்.

என்ஜினுக்குள் நடப்பது என்ன?

கேம் ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகளைக் கொண்ட சுழலும் தண்டு. புஷ்ராட் வகை என்ஜின்களில் இந்த மேடு டேப்பெட்டை உயர்த்த, டேப்பெட் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராட் ராக்கர் ஆர்மின் ஒரு முனையை மேலே தூக்குகிறது. ஏற்றப்பலகை போல ராக்கரின் மறுமுனை கீழிறங்கி வால்வைத் திறக்கிறது. ராயல் என்ஃபீல்டின் 346 சிசி, 499 சிசி யுசிஇ என்ஜின்களும், அம்பாசடரில் நீண்டகாலம் இடம்பெற்ற 1,489 சிசி பெட்ரோல் என்ஜினும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஏற்றப்பலகையின் நடுத்தாங்கி எந்த இடத்தில் அமைகிறதோ, அதைப் பொறுத்து மறுமுனையின் அசைவு கூடும் அல்லது குறையும். ராக்கரில் இதற்குப் பெயர் விகிதம். 1955-ல் அறிமுகமான செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 என்ஜினில் இவ்விகிதம் 1.5. அதை 1.6 ஆக மாற்றுவது, அந்த என்ஜினைத் திருத்தியமைப்போர் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலையாகும்.

ராக்கரை மாற்றினால் கிடைப்பது

கேமின் மேடு 7 மில்லிமீட்டர் உயர்வைத் தருகிறது என்று கொள்வோம். 1.5 விகித ராக்கரில் வால்வு 10.5 மில்லிமீட்டர் திறக்கும். 1.6 விகிதத்தில் அது 11.2 மில்லிமீட்டர் ஆகும். ஏறத்தாழ 6.7 விழுக்காடு கூடுதல். ஆனால் வால்வு திறக்கத் தொடங்கும் நேரமும் மூடி முடியும் நேரமும் பெரும்பாலும் மாறுவதில்லை. அதே நேரத்துக்குள் வால்வு வேகமாக எழுந்து, அதிகத் திறப்பில் சற்றுக் கூடுதல் பொழுது நிற்கிறது. எனவே என்ஜினின் அடிப்படைக் குணம் மாறாமல், மூச்சு மட்டும் சிறிது எளிதாகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வால்வின் விட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அளவுக்கு அது எழுந்துவிட்டால், வால்வைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு, வால்வு வாயின் பரப்புக்குச் சமமாகிவிடும். 40 மில்லிமீட்டர் வால்வுக்கு இது 10 மில்லிமீட்டர். அதற்கு மேல் கிடைக்கும் பயன், சிலிண்டர் ஹெட்டில் உள்ள காற்றுப் பாதை எவ்வளவு தாராளமானது என்பதைப் பொறுத்தது. பாதை குறுகலாக இருந்தால் வால்வை மேலும் உயர்த்துவதால் பெரிய பலன் இராது.

கேம் ஷாஃப்டை மாற்றினால் கிடைப்பது

பெரிய கேம், வால்வின் உயரத்தை மட்டும் அல்லாமல் அது திறந்திருக்கும் காலத்தையும் நீட்டிக்கிறது. இதன் பொருளை ஒரு சிறு கணக்கு விளக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில், கிராங்க் ஷாஃப்ட் 240 பாகை திரும்ப 13 மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். 6,000 சுற்றுகளில் அதற்குக் கிடைப்பது 7 மில்லி விநாடிக்கும் குறைவு. அந்தக் குறுகிய பொழுதில் சிலிண்டர் நிறைய வேண்டுமானால், வால்வு அதிகப் பாகைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். ஆகவேதான் உயர் சுழற்சியில் ஓடும் பந்தய என்ஜின்களுக்கு நீண்ட காலக் கேம் இன்றியமையாததாகிறது.

ஆனால் அதே கேம் குறைந்த சுழற்சியில் எதிர்வினை புரிகிறது. உள்வால்வு தாமதமாக மூடுவதால், மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்பத் தள்ளிவிடுகிறது. உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் நீள்வதால், எரியாத எரிபொருள் சைலன்சர் வழியே வெளியேறுகிறது. எரிந்த வாயு உள்ளே திரும்புகிறது. விளைவாக ஐட்லிங் சீரற்றுப் போகிறது, தொடக்க இழுவிசை குறைகிறது. கார்களில் இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிட அழுத்தம் குறைவதால், அதை நம்பி இயங்கும் பிரேக் பூஸ்டரின் உதவியும் குறையலாம்.

499 சிசி புல்லட் என்ஜினுக்கு உச்ச முறுக்குவிசை கிடைப்பது 4,000 சுற்றுகளில். உச்சத் திறன் கிடைப்பது 5,250 சுற்றுகளில். அடிமட்ட இழுவிசையே இத்தகைய நீள ஸ்ட்ரோக் என்ஜினின் வலிமை. அதில் மிகப் பெரிய கேமைப் பொருத்துவது, அந்த வலிமையை விற்று, நகரத்தில் எட்டவே முடியாத வேகத்தை வாங்குவதற்கு ஒப்பானது.

செலவும் வேலையும்

ராக்கரை மாற்ற, பெரும்பாலான புஷ்ராட் என்ஜின்களில் மேல்மூடியைக் கழற்றினால் போதும். கேம் அப்படியல்ல. புல்லட்டில் வலப்பக்க மூடியைத் திறந்து கேம்களை அணுகலாம் என்றாலும், பிளாக்கினுள்ளே கேம் அமைந்த கார் என்ஜின்களில் ரேடியேட்டர், டைமிங் செயின் எனப் பலவற்றைக் கழற்ற நேரிடும். சிலவற்றில் என்ஜினையே இறக்க வேண்டியிருக்கும். உருளையற்ற தட்டை டேப்பெட் கொண்ட என்ஜினில், புதிய கேமுடன் புதிய டேப்பெட்களையும் போட வேண்டும். முதல் ஓட்டத்தில் துத்தநாகச் சேர்க்கை மிகுந்த ஆயில் ஊற்றி, ஐட்லிங்கில் விடாமல் ஏறத்தாழ 2,000 சுற்றுகளில் 20 நிமிடங்கள் ஓட்டிப் பழக்குவது வழக்கம். இதைத் தவிர்த்தால் கேமின் மேடுகள் விரைவில் தேய்ந்துவிடும்.

ராக்கர் மாற்றம் எளிது என்பதற்காகச் சோதனைகளைக் கைவிடலாகாது. விகிதம் கூடும்போது, புஷ்ராட் மீதும் கேம் மேட்டின் மீதும் விழும் சுமையும் கூடுகிறது. முழுத் திறப்பில் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா, ஸ்பிரிங் தட்டு வால்வு கைடைத் தொடுகிறதா, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போதிய இடைவெளி உள்ளதா என்பவற்றை அளந்து பார்ப்பது கட்டாயம். பிஸ்டனில் வால்வு மோதினால், முழு என்ஜினையும் பிரித்துச் சீரமைக்க வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுவோர், புதிய கேமின் உயர்வைப் புதிய விகிதத்தால் பெருக்கியே கணக்கிட வேண்டும்.

இன்றைய வாகனங்கள் பலவற்றில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. 2020-ல் மீட்டியோர் 350-உடன் வந்த ராயல் என்ஃபீல்டின் 349 சிசி என்ஜினில் புஷ்ராட் கிடையாது. கேம் சிலிண்டர் ஹெட்டிலேயே உள்ளது. கேம் நேரடியாக டேப்பெட்டை அழுத்தும் என்ஜின்களில் மாற்றுவதற்கு ராக்கரே இல்லை. எரிபொருள் இன்ஜெக்ஷன் கொண்ட வண்டியில் கேமை மாற்றினால், இசியுவின் அளவீடுகளையும் திருத்த வேண்டியிருக்கும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. இதனை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் உதிரிபாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நடைமுறையில் பெட்ரோல் வாகனங்களின் மாசுச் சோதனை ஐட்லிங் நிலையில் நடைபெறுகிறது. பெரிய கேம் எரியாத எரிபொருளை அதிகம் வெளியேற்றுவதும் அதே நிலையில்தான். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில், இத்தகைய மாற்றம் அந்த உரிமையையும் இழக்கச் செய்யலாம்.

எதைத் தேர்வது?

எனவே கேள்வியை உதிரிபாகத்திலிருந்து அல்ல, சாலையிலிருந்து தொடங்குவதே முறை. வண்டி அதிக நேரம் எந்தச் சுழற்சியில் ஓடுகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. நகரப் போக்குவரத்திலும், சுமையேற்றிய பயணத்திலும் ஓடும் வண்டிக்கு, அளவாக விகிதம் கூட்டிய ராக்கர் போதுமானது. பந்தயத் தடத்தில் உயர் சுழற்சியிலேயே ஓடும் வண்டிக்கு, அதற்கேற்ற கார்புரேட்டர், சைலன்சர், ஸ்பிரிங்குகளோடு சேர்த்துத் தேர்ந்த கேமே பொருத்தமானது.

இரண்டுக்கும் முன்பாக, கம்ப்ரஷன் அழுத்தம், வால்வுக் கசிவு, இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைச் சோதித்துவிடுவது நல்லது. பழைய என்ஜினில் திறன் குறைந்ததாகத் தோன்றுவதற்குத் தேய்மானமே காரணமாக இருந்தால், அதைச் சரிசெய்வதே போதுமானதாகவும் அமையக்கூடும்.