நிலவைப் பார்த்து மலரும் அல்லி

தாமரைக்குச் சூரியன், அல்லிக்குச் சந்திரன் என்று ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். ஆனால் நம் பிள்ளைகளிடம் ஓர் அல்லியைக் காட்டி, "இது என்ன பூ?" என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் "தாமரை" என்றுதான் சொல்லுவார்கள்! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஏரிகள் சூழ்ந்த பகுதியில் குடியிருந்தும், நாமே அல்லியை நின்று பார்த்து எத்தனை நாளாயிற்று?

வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். தாமரை இலை முழு வட்டமாக, தண்ணீருக்கு மேலே குடை பிடித்தாற்போல எழுந்து நிற்கும். அல்லி இலையோ தண்ணீரோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். அதன் ஒரு பக்கம் கத்தரியால் வெட்டினாற்போலப் பிளவு இருக்கும். தாமரைக் காய் மேலே நிமிர்ந்து முற்றும். அல்லிக் காய் தண்ணீருக்குள்ளேயே முற்றி, விதைகள் மிதந்து போய் வேறிடத்தில் முளைக்கும்.

அல்லிக்கு ஆம்பல், குமுதம் என்றும் பெயர் உண்டு. வெள்ளை ஆம்பல் இரவில் மலர்ந்து, மறுநாள் வெயில் ஏறியதும் கூம்பிவிடும். அதனால்தான் சந்திரனோடு முடிச்சுப் போட்டார்கள். ஆனால் அமாவாசை இருட்டிலும் அது மலரத்தான் செய்கிறது! நீல அல்லி இதற்கு நேர்மாறு. காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். அதுதான் இலங்கையின் தேசிய மலர். பங்களாதேஷுக்கோ வெள்ளை அல்லி தேசிய மலர்.

இலை தண்ணீரில் படுத்திருந்தால் எப்படி மூச்சு விடும்? மற்றச் செடிகளுக்கு மூச்சுத் துளைகள் பெரும்பாலும் இலையின் அடியில்தான். அல்லிக்கோ மேல்பக்கம். தண்டை ஒடித்துப் பாருங்கள், குழல் குழலாக ஓட்டை தெரியும். அந்த வழியாகத்தான் சேற்றில் புதைந்த கிழங்குக்குக் காற்று போகிறது. கோடையில் குளம் வற்றினாலும் கிழங்கு சேற்றில் உறங்கி, அடுத்த மழைக்கு எழுந்துவிடும். இலை நிழலில் மீன் குஞ்சுகள் ஒதுங்கும். நீண்ட விரல்களை உடைய இலைக்கோழி இலை மேலேயே நடந்து இரை தேடும்.

கதைகளுக்கும் குறைவில்லை. மதுரையை ஆண்ட அல்லி அரசாணி, குழந்தையாக அல்லிப் பூவில் கண்டெடுக்கப்பட்டவள் என்று கதை சொல்லுவார்கள். வீட்டில் நம் கை ஓங்கினால் "அல்லி ராஜ்யம்" என்று ஆண்கள் கேலி செய்வது அவளை வைத்துத்தான்! அதே பூவுக்குத் துயரமான பக்கமும் இருக்கிறது. கணவனை இழந்த பெண்கள் சோற்றை விட்டு அல்லியரிசியை உண்டு நோன்பிருந்ததைப் புறநானூறு சொல்கிறது. சின்ன வயசில் தழையாடையாக உடுத்திய ஆம்பலே பிற்காலத்தில் கைம்மைச் சாப்பாடாகிவிட்டதே என்று ஒருத்தி நொந்துகொள்வதும் அதில் வருகிறது. வங்காளப் பக்கத்திலோ அல்லி விதையைப் பொரித்து ஆசையாகத் தின்கிறார்கள், தண்டைக் கறி சமைக்கிறார்கள்.

ஆனால் நம் ஊர் ஏரி அல்லியைச் சமையலுக்கோ கைவைத்தியத்துக்கோ எடுக்காதீர்கள். வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த தண்ணீரில் வளரும் செடி, அதில் உள்ள நஞ்சையும் உறிஞ்சிக்கொள்ளும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது நினைவிருக்கும். சாக்கடைச் சத்தில் கொழுத்து வளர்வது ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. ஊதா நிறக் கொத்துப் பூவும் உப்பிய காம்புமாகப் பார்க்க அழகுதான். ஆனால் பாய் விரித்தாற்போல ஏரியை மூடி, வெளிச்சத்தையும் காற்றையும் மறைத்துவிடும். கீழே அல்லியும் பிழைக்காது, மீனும் பிழைக்காது.

இன்னொன்றையும் தாய்மார்கள் மறக்கக்கூடாது. அல்லி பறிக்க இறங்கினால் சேற்றில் கால் புதையும், கொடி காலைச் சுற்றும். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் ஆபத்துதான். கரையில் நின்று பார்ப்பதோடு சரி என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

ஆசையாக இருந்தால் வீட்டிலேயே வளர்க்கலாம். இரண்டடி அகலத் தொட்டி ஒன்று போதும். நர்சரியில் வாங்கிய கிழங்கைக் களிமண் நிரப்பிய சின்னச் சட்டியில் ஊன்றித் தொட்டிக்குள் இறக்கி, தண்ணீர் ஊற்றுங்கள். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் படவேண்டும். நாலைந்து கப்பி மீன்களை விடுவது அவசியம். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்தப் புழுக்களை மீன் தின்றுவிடும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் தொட்டியின் மேல் உறுதியான கம்பி வலை போட்டே ஆகவேண்டும். ஓர் அடித் தண்ணீர்கூட குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

முதல் பூ மலரும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்புறம் அவர்கள் அல்லியைத் தாமரை என்று சொல்ல மாட்டார்கள்.