தீயுண்ணா எச்சம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம் கல்லூரியில் விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாட் காலையில், கிழிந்த பதாகைகளும் காலொடிந்த பிளாத்திக்குக் கதிரைகள் மூன்றும் மைதானத்தின் மேற்கு மூலையிலே குவிக்கப்பட்டன. குவித்தவர் மாணவர், தீயிடுவித்தவர் யாம். கரும்புகை எழுந்து ஏழாம் வகுப்பறையுட் புகுந்தது. அவ்வகுப்பிலே தொய்வு நோயுள்ள சிறுவன் ஒருவன் இருந்தான். முற்பகலிலேயே அவன் தந்தையார் வந்து அவனைச் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துச் சென்றார். எம்மை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாலையிலே தீ ஆறியபின், காவலாளி ஐயா சாம்பலை வாளியில் அள்ளித் தென்னைகளின் அடியிலே தூவினார். அதனையும் யாம் நல்லதென்றே எண்ணினோம். சாம்பல் தென்னைக்கு உரமன்றோ?

விஞ்ஞானம் எம் துறையன்று. இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் கற்பிக்கும் எமக்கு, அக்குவியலில் எரிந்தது யாது, எரியாதது யாது என்று அறியும் ஆவல் அச்சிறுவனாலேயே உண்டாயிற்று. இரசாயனவியல் கற்பிக்கும் நண்பரை வினாவியும் நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

பிளாத்திக்கு என்று யாம் வழங்கும் பொருள் பெரும்பாலும் தனிப்பொருளன்று. பதாகையை எடுத்துக்கொள்வோம். அது பொலியெஸ்டர் நூலால் நெய்த வலையின்மீது பொலிவைனைல் குளோரைட்டைப் பூசிச் செய்யப்படுவது. அப்பூச்சினுள்ளே வெண்மைக்காகத் தைத்தேனியமீரொட்சைட்டுத் தூளும், விலை குறைதற்பொருட்டுச் சுண்ணக்கல்லின் தூளும் சேர்ப்பர். கதிரையிலும் சுண்ணக்கற்றூள் உண்டு. ரயரிலோ, நுண்கரித்தூள் நூறாண்டுக்கு மேலாகச் சேர்க்கப்பட்டு வருகின்றது. ரயர் கறுத்திருத்தற்கும் தேயாது உழைத்தற்கும் அதுவே காரணம். இவ்வாறு ஒன்றினுள் ஒன்றை இட்டுச் செய்தவற்றைக் கலவைப் பொருள்கள் என்பர்.

இடப்படும் தூள் எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவுக்குச் சிறிதளவே போதும். 1980களின் பிற்பகுதியில், யப்பானிலே தொயோற்றா ஆய்வுகூடத்தார் நைலோனுள் களிமண்ணின் மெல்லிய தகடுகளைப் பரப்பி, அதன் வலிமையையும் வெப்பந் தாங்குந் திறனையும் பெரிதும் கூட்டினர். அத்தகடொன்றின் தடிப்பு ஏறக்குறைய ஒரு நனோமீற்றர். 1991 இல் சுமியோ இயிசிமா என்னும் யப்பானிய அறிஞர் காபன் நனோக்குழாய்களைக் கண்டு விவரித்தார். பின்னர் அவையும் விளையாட்டு மட்டைகள் முதலியவற்றிலே சேர்க்கப்படலாயின.

நனோமீற்றர் என்பது மீற்றரை நூறு கோடி கூறாக்கியதில் ஒரு கூறு. எம் மயிரொன்றின் தடிப்பு ஏறக்குறைய எண்பதாயிரம் நனோமீற்றர் ஆகும். நூறு நனோமீற்றருக்கு உட்பட்டவற்றையே நனோப் பொருள் என்று வகுத்துள்ளனர். எம் முன்னோரின் நீட்டலளவை வாய்பாட்டிலே கதிரெழுதுகள் என்றோர் அளவு உண்டு. கூரை ஓட்டைவழி நுழையும் வெயிற்கதிரிலே மிதக்கும் தூசியே அது. அது கண்ணுக்குப் புலனாவது. யாம் கூறும் துகளோ அக்கதிரிலும் புலனாகாது.

சிறுமையால் விளைவதென்னை எனின், பரப்புப் பெருகுதல். ஒரு சதமமீற்றர்ப் பக்கமுள்ள சதுரக் கட்டியொன்றின் புறப்பரப்பு ஆறு சதுர சதமமீற்றர். அதனைப் பத்து நனோமீற்றர்ப் பக்கமுள்ள கட்டிகளாக்கினால், மொத்தப் பரப்பு 600 சதுர மீற்றராகும். எம்மூர்த் தோட்டக்காணிக் கணக்கிலே அஃது இரண்டு பரப்புக்கு மேலாகும். ஒரு சீனிக்கட்டியளவு பொருள் இரண்டு பரப்புக் காணியளவு முகத்தைக் காட்டி நிற்குமாயின், அம்முகத்திலே எத்துணை நஞ்சு ஒட்டிக்கொள்ளும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனித் தீயின் செயலைப் பார்ப்போம். பிளாத்திக்கு முதலில் உருகும். பின்னர் சிதைந்து வாயுவாகும். அவ்வாயுவே சுவாலையாக எரியும். உள்ளிருந்த தூளின் கதியோ பொருளுக்குப் பொருள் வேறுபடும். காபன் நனோக்குழாய் போதிய ஒட்சிசனும் உயர்ந்த வெப்பமும் கிடைத்தால் எரிந்து போகும். காற்றின்றிப் புகையும் குவியலின் நடுவிலோ எஞ்சி நிற்கக்கூடும். களிமண் தகடு மேலே ஓர் அடையாகப் படிந்து கரியோடு தங்கும். தைத்தேனியமீரொட்சைட்டு முன்னரே ஒட்சியேறிய பொருளாதலின் மேலும் எரிதற்கு இடமில்லை. 1,800 பாகை செல்சியசு கடந்தாலன்றி அஃது உருகவும் மாட்டாது. எம் மைதான மூலையில் அவ்வெப்பம் ஏது? அளந்து நடத்திய ஆய்வுகளிலே, இத்தகைய தூள்களின் பெரும்பங்கு சாம்பலிலேயே தங்கியதும், சிறுபங்கே புகையோடு எழுந்ததும் காணப்பட்டன.

அங்ஙனமாயின் புகை குற்றமற்றதோ எனின், அன்று. நனோத்துகளைத் தீ தானே படைக்கவும் வல்லது. முற்ற எரியாத வாயுவிலிருந்து சில பத்து நனோமீற்றரளவான புகைக்கரி மணிகள் தோன்றிச் சங்கிலிபோற் கோத்துக்கொள்கின்றன. புற்றுநோய் விளைக்கவல்ல சேர்வைகள் அவற்றின் முகத்திலே படிகின்றன. பொலிவைனைல் குளோரைட்டின் நிறையிற் பாதிக்கு மேல் குளோரீன் ஆதலின், அஃது எரியும்போது ஐதரசன் குளோரைட்டு என்னும் அமில வாயு எழும். குறைந்த வெப்பத்திலே தயொட்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகும். மூக்கிலும் தொண்டையிலும் பெருந்தூசி தங்கிவிடும். இந்நுண்கரியோ சுவாசச் சிற்றறைகள்வரை செல்லும். தொய்வுடைய பிள்ளையின் மூச்சுக்குழாய் முன்னரே ஒடுங்கியது. அன்று அவன் பட்ட பாட்டுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2006 இல் கூடிய அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் அறிஞர் குழு, நுண்கரித்தூளையும் தைத்தேனியமீரொட்சைட்டையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவை என்னும் வகையிலே சேர்த்தது. இதனைக் கேட்டுப் பதாகையைத் தொடவும் அஞ்சுதல் வேண்டா. பிளாத்திக்கினுள் அடைபட்டிருக்கும்வரை தூள் மூச்சிற் புகாது. சிறையைத் திறந்துவிடுவது தீயே.

எரிப்பதற்கும் முறை உண்டு. ஐரோப்பிய விதிகளின்படி, எரியுலையின் வாயு 850 பாகை செல்சியசு வெப்பத்திலே இரண்டு செக்கனேனும் நிற்றல் வேண்டும். பின்னர் வடிகட்டிகளைக் கடந்தே வெளியேறும். 2012 இல் வெளியான ஆய்வொன்று எம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது. சுவிற்சர்லாந்திலே சொலோதூர்ண் நகரத்து எரியுலையில், பத்துக் கிலோ சீரியமொட்சைட்டு நனோத்தூளைக் குப்பையோடு இட்டு, அது சென்றவிடமெல்லாம் தேடினர். வடிகட்டிகள் நன்கு பணிசெய்தன. புகைபோக்கி வழியாகக் குறிப்பிடத்தக்க அளவு வெளியேறவில்லை. ஆயினும் தூள் அழிந்ததோ? இல்லை. அடிச்சாம்பலிலும் வடிகட்டியிற் பிடித்த சாம்பலிலும் இறுகப் பிணியாது தளர ஒட்டியிருந்தது. அத்துணைப் பொருட்செலவில் அமைத்த உலையும் நனோத்தூளைச் சாம்பலுக்கு மாற்றியதேயன்றி ஒழித்திலது. உலையும் வடிகட்டியும் அற்ற எம் மூலையைப் பற்றி யாது சொல்வது!

ஆகவே தென்னையடிக்கு மீள்கின்றோம். விறகுச் சாம்பலிலே பொற்றாசியம் உண்டு. அது பயிருக்கு உணவு. பதாகைச் சாம்பலிலோ நீரிற் கரையாத வெண்டூளும், அரைகுறையாய் எரிந்த கரியும், பழைய பொலிவைனைல் பொருள்களாயின் அவற்றிற் சேர்த்த ஈயமும் இருக்கக்கூடும். இரண்டிற்கும் சாம்பல் என்று ஒரே பெயரை மொழி தந்துவிட்டது; மொழி கற்பிக்கும் யாமும் அதனால் ஏமாந்தோம். குடாநாட்டுக் கிணறுகளோ சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே ஊறும் நீரை நம்பியவை. மேலே இட்டது கீழே செல்லுதற்கு அங்கே தடை குறைவு.

பிளாத்திக்கைத் திறந்தவெளியில் எரித்தலை இலங்கையரசு 2017 இலேயே தடைசெய்துள்ளது. எனினும் மாலை வேளையிலே தெருவழி சைக்கிளிற் சென்றால், எத்தனை வளவுகளின் கோடியிலே புகை எழுகின்றது என்பதை மூக்கே சொல்லும்.

இவ்விழாவுக்கு வாயிலிற் கட்டியது துணிப் பதாகை. ஆயினும் வாழ்த்துத் தெரிவித்து அன்பர்கள் அனுப்பிய பொலிவைனைற் பதாகைகள் பதினொன்று உள. கொளுத்துவதற்குக் காவலாளி ஐயா உத்தரவு கேட்டார். சுருட்டிக் களஞ்சிய அறையில் வைக்கச் சொன்னோம். பழைய மாணவர் ஒருவர் தம் வைக்கோற்போரை மூடுதற்கு இரண்டு கேட்டு எழுதியுள்ளார். ஏனைய ஒன்பதும் அங்கே கிடக்கின்றன. மழைக்குமுன் வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.