ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை

செல்லிப்பட்டுப் பக்கம் வண்டியில் போகிறவர்களுக்கு மாநில எல்லையைச் சொல்லப் பலகை தேவையில்லை. சாராயக்கடை வந்தால் புதுச்சேரி. பெட்ரோல் பங்க்கில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் வரிசை கட்டி நின்றாலும் புதுச்சேரிதான். கொஞ்சம் தள்ளிப் போனால் டாஸ்மாக் பலகை. அங்கே விழுப்புரம் மாவட்டம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் புதுச்சேரி. சங்கராபரணி ஆற்றின் ஒரு கரையில் செல்லிப்பட்டு, எதிர்க்கரையில் பிள்ளையார்குப்பம், நடுவே பிரெஞ்சுக்காரர் காலத்தில் படுகை அணை கட்டிய இடம். வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பகுதிகளை வரைபடத்தில் பார்த்தால் ஒட்டுப்போட்ட வேட்டி போலத்தான் தெரியும்.

இரண்டு பக்கமும் ஒரே தமிழ்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. நெடுங்காலம் பள்ளிப் பாடநூலும் ஒன்றாகவே இருந்தது. புதுச்சேரிக்கென்று தனிக் கல்வி வாரியம் கிடையாது. புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றிவந்தன. தொடக்க வகுப்புகள் முதலில் மாறின. 2023-24 கல்வியாண்டில் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின.

பாடம் ஒன்றாக இருந்த காலத்திலும், பிள்ளைகள் ஒரே ஜாடை. சொல்லிக்கொடுப்பவரின் சம்பளம் மட்டும் எல்லைக்கு எல்லை வேறு. ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு மத்திய அரசு விகிதத்தைப் பின்பற்றும் புதுச்சேரியில் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு 9,300 ரூபாயில் தொடங்கும் ஊதிய விகிதமும் 4,200 தர ஊதியமும் கிடைத்தன. எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், அதே வேலையில் புதிதாகச் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு 5,200 அடிப்படையும் 2,800 தர ஊதியமும்தான் கிடைத்தன. வேறு வேறு அரசுகள், வேறு வேறு கஜானா, அதனால் வேறு வேறு சம்பளம் என்று இதைக்கூட ஒருவர் ஏற்றுக்கொண்டுவிடலாம். ஏற்றுக்கொள்ளவே முடியாத கணக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அது 2009-இல் போட்ட கணக்கு. ஜூன் 1 அன்று தமிழ்நாடு அரசு புதிய ஊதிய ஆணையை வெளியிட்டது. ஏற்கெனவே பணியில் இருந்த இடைநிலை ஆசிரியரின் பழைய தொடக்க ஊதியம் 4,500. அதை 1.86 ஆல் பெருக்கினார்கள், 8,370 வந்தது. புதிதாகச் சேருகிறவருக்குப் பெருக்குவதற்குப் பழைய ஊதியம் ஏது? ஆகவே விகிதத்தின் அடிமட்டமான 5,200. அடிப்படையில் மட்டும் 3,170 ரூபாய் வித்தியாசம். அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் மேல்தான் கணக்கிடப்படும் என்பதால் இந்த இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் குட்டி போட்டுக்கொண்டே போனது. மே 31 வரை சேர்ந்தவர் ஒரு சாதி, ஜூன் 1 முதல் சேர்ந்தவர் இன்னொரு சாதி. அந்த மே 31 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடமே திறக்காத நாளில் விழுந்தது இந்தக் கோடு.

பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். இவர்களுக்காகவே உருவானது இடைநிலைப் பதிவு மூப்பு ஆசிரியர் இயக்கம், ஜே. ராபர்ட் அதன் பொதுச்செயலாளர். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற ஒற்றைக் கோரிக்கையை வைத்துக்கொண்டு 2018-இலிருந்து சென்னை நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித்துறையின் டி.பி.ஐ. வளாகத்துக்கும் காவல்துறை கொண்டுபோய் அடைக்கும் மண்டபங்களுக்கும் இடையே அலைந்தவர்கள் இவர்கள். 2022 டிசம்பர் கடைசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள், மயங்கி விழுந்தவர்களை ஆம்புலன்ஸ் ஏற்றிப்போனது. புத்தாண்டு அன்று ஆராய்வதற்கு ஒரு குழுவை அரசு அறிவித்தது. அதே 2023 செப்டம்பரில் அதே வளாகத்தில் மறுபடியும் உட்கார்ந்தார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் 311-ஆவது இவர்களுடையது. அந்த எண்ணை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எந்த அரசையும் வாக்குறுதி எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்ல பழக்கம். மற்ற தொழிலாளர்களும் கற்றுக்கொள்ளலாம்.

ஆசிரியர் சங்கம் என்றால் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது சாலை மறியலும் மூடிய பள்ளியும்தான். சங்கப் பொறுப்பாளர் ஒருவருடன் ஒரு நாள் சுற்றினால் வேறு ஒன்று தெரியும். அவருடைய ரெக்ஸின் பைக்குள் இறந்துபோன ஆசிரியரின் மனைவிக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் இருக்கும். மருத்துவச் செலவுக் கோப்பு ஒன்று, பிரசவ விடுப்பில் போனவரின் சம்பளத் தகராறு ஒன்று, கோபத்தில் யாரோ ஓர் அதிகாரி கொடுத்த மெமோவுக்கு நயமாக எழுதிய பதில் ஒன்று. மாலை 4 மணிக்குப் பள்ளி விட்டதும் அலுவலகப் படி ஏறத் தொடங்குவார். மறியலன்று எடுத்த படம் மட்டும்தான் பத்திரிகையில் வரும். இந்தப் படி ஏற்றங்கள் வருவதில்லை.

சங்கம் இல்லாத காலத்தில் ஓர் ஆசிரியர் தனி ஆளாக அரசை எதிர்த்து நின்ற கதை செல்லிப்பட்டுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. சைக்கிள் மிதித்துப் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் திருபுவனையில் ஆசிரியராக இருந்தார் கனகசுப்புரத்தினம். 1909-இல், 18 வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராக வேலையைத் தொடங்கியவர். முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில், அரசுக்கு எதிராக நடந்துகொள்கிறார் என்று சொல்லிப் பிரெஞ்சு நிர்வாகம் அவரை ஒன்றேகால் ஆண்டு சிறையில் வைத்தது. வேலையும் போயிற்று. குற்றமில்லை என்று வெளியே வந்தவர் வீட்டில் உட்காரவில்லை. வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்காடி வென்று, மறுபடி பணியில் சேர்ந்தார். 1946-இல் ஓய்வு பெறும்வரை மொத்தம் 37 ஆண்டு வாத்தியார் வேலை. பாரதிதாசன் என்ற பெயரில்தான் நாம் அவரை அறிவோம். அவருடைய கவிதைக்கு விழா எடுக்கும் ஊர், அவர் ஜெயித்த அந்தச் சர்வீஸ் வழக்குக்கும் ஒரு நாள் விழா எடுக்கலாம். ஒரு கிராமத்து வாத்தியார் அன்றைக்கு ஒரு சாம்ராஜ்யத்திடமிருந்து தன் நாற்காலியைத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

எல்லாரும் கனகசுப்புரத்தினமாக முடியாது என்பதால்தான் சங்கம் வேண்டியிருக்கிறது. உதவி பெறும் பள்ளிகளில் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கையில் கொடுத்த மேனேஜர்களின் காலம் ஒன்று இருந்தது. கேரளத்தில் 1957-இல் கல்வி மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் ஜோசப் முண்டசேரி, தாமே ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியராக இருந்து வேலையிழந்தவர். ஆசிரியருக்கு அரசே நேராகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அந்த மசோதா சொன்னது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1970-களில் வந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1988-இல், ஆளுநர் ஆட்சி நடந்த காலத்தில், ஜாக்டீ என்ற ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பின் பெயரில் வேலைநிறுத்தம் செய்து சிறைக்குப் போனவர்கள் மத்திய அரசுக்கு இணையான ஊதியத்தைப் பெற்றுத் தந்தார்கள். 2009-இல் கைநழுவிப் போனது அந்த 1988-இன் சம்பாத்தியம்தான்.

வாங்கிய அடியும் கொஞ்சமில்லை. 2003 ஜூலை 2 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்டப்படியான உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. அதோடு நிற்காமல், பெரும்பாலானவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் வழியையும் திறந்துவிட்டது. அந்த ஜூலையில் டிஸ்மிஸ் ஆணையைக் கையில் வாங்கியவர்கள் பலர் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். பழைய போராட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர்கள் முதலில் சொல்வது தேதியைத்தான்.

2019 ஜனவரி 22-இலிருந்து 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதற்காக என்று தெருவில் கேட்டிருந்தால், 'பென்ஷனுக்கு' என்று பத்தில் ஒன்பது பேர் சொல்லியிருப்பார்கள். பழைய ஓய்வூதியம் முதல் கோரிக்கை என்பது உண்மை. ஆனால் அதே பட்டியலில், குழந்தைகள் குறைந்த 3,500 தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. ஒரு கிராமத்தின் தொடக்கப் பள்ளி மூடினால் ஆறு வயதுப் பிள்ளை நெடுஞ்சாலையைக் கடந்து அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும் என்பது சாதாரண விஷயமா? அது மக்கள் காதில் விழவே இல்லை. செய்தித்தாள்களைக் குற்றம் சொல்லலாம். எனக்கு என்னவோ சங்கங்கள் மீதுதான் முதல் வருத்தம். பள்ளியைப் பற்றிய கோரிக்கையை ஊதியக் கோரிக்கைக்குப் பின்னால் ஏழாவதாக, எட்டாவதாக எழுதினால் அது ஒப்புக்குச் சேர்த்ததாகத்தான் படும்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியும் உண்டு. வில்லியனூர்ப் பக்கம் காலையில் நின்று பாருங்கள். மஞ்சள் நிறத் தனியார் பள்ளி வேன்கள் கிராமம் கிராமமாகப் புகுந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அதில் ஏறும் பிள்ளைகளில் அரசுப் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது நாடே ஒரு நாள் கைதட்டியது, பிறகு மறந்துவிட்டது. கட்டாயப்படுத்தி இதைச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மேடையில் பொதுக்கல்வி பற்றி முழங்கும் பொறுப்பாளரின் மகன் எந்த வேனில் ஏறுகிறான் என்பதை ஊர் கவனிக்கத்தான் செய்கிறது.

ஊரின் நம்பிக்கையைச் சங்கம் எப்படிச் சம்பாதிக்கலாம் என்பதற்குச் சிகாகோ நகரத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1900-இல் அங்கே ஆசிரியர்களுக்குச் சம்பள இக்கட்டு. ஆசிரியைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன சம்பள உயர்வைப் பணமில்லை என்று கல்வி வாரியம் நிறுத்திவிட்டது. ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பாளர்கள் மார்கரெட் ஹேலி, கேத்தரின் காகின் இருவரும் கொடி பிடிக்கும் முன் வரிக் கணக்குகளைப் புரட்டினார்கள். நகரத்துத் தெருக்களில் தண்டவாளம் பதித்தும் குழாய் புதைத்தும் கம்பி இழுத்தும் லாபம் பார்த்த டிராம், காஸ், மின்சாரக் கம்பெனிகள் அந்த உரிமைக்கு உரிய வரியைக் கட்டவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம்வரை போய் 1901-இல் வென்றார்கள். நகரத்துக்குப் பணம் வந்தது. வாரியம் அதை நிலக்கரிக்கும் கட்டடப் பழுதுக்கும் ஒதுக்கிவிட்டுச் சம்பளத்தை மறுபடி தள்ளிப்போட்டது. ஹேலி மறுபடி கோர்ட்டுக்குப் போனார், அதிலும் வென்றார். தன் சம்பளத்தைத் தேடிப் போன ஓர் ஆசிரியை பள்ளிக்கூடத்தின் பணத்தையும் கண்டெடுத்துக் கொடுத்த கதை இது. அரசின் கணக்குப் புத்தகத்தை அரசைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்த பொறுப்பாளர் ஒருவர் போதும், சங்கத்தின் பேச்சுக்குத் தனி எடை வந்துவிடும்.

புதுச்சேரிச் சங்கங்களுக்கு மத்திய விகிதம் தானாகக் கிடைக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தோழர்கள் படும் பாடு இவர்களுக்கு இல்லை. அப்படியானால் மிச்சமிருக்கும் தெம்பை எதில் செலவிடலாம்? இங்கே பள்ளியில் சாப்பாடு போடும் வழக்கம் பிரெஞ்சு நிர்வாகத்தில் 1930-லேயே தொடங்கியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2002-இல் ராஜீவ்காந்தி சிற்றுண்டித் திட்டம் வந்தது. காலையில் பிள்ளைகளுக்குப் பாலும் ரொட்டியும் கொடுக்க ஆட்களை எடுத்தார்கள். 'ரொட்டி பால் ஊழியர்' என்றே அவர்களுக்குப் பெயர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். மழலை வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பாலசேவிகாக்களும் அப்படியே. ஒரே பள்ளி வளாகத்துக்குள், ஒரே மணியோசைக்கு வேலை செய்கிறவர்களிடையே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்பது ஆசிரியர் அறை வாசலோடு நின்றுவிடும் முழக்கமாக இருக்கக் கூடாது.

நம்பிக்கை தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் உள்ஒதுக்கீடு என்று தமிழ்நாடு 2020-இல், நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 7.5 விழுக்காடு கொண்டுவந்தது. அதே ஆண்டு புதுச்சேரி அமைச்சரவை 10 விழுக்காடு என்று முடிவு செய்தது. கோப்பு டெல்லிக்குப் போய்த் தூங்கியது. 2023-இல்தான் ஒப்புதல் வந்தது. நடுவில் மூன்று ஆண்டு மாணவர்கள் இழந்த சீட்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் இன்று ஒரு கொம்யூன் அரசுப் பள்ளியிலிருந்து ஒரு பெண் எம்.பி.பி.எஸ். சேர்ந்தால், அந்த ஊரில் அடுத்த ஜூனில் சிலராவது வேன் கட்டணத்தை மறுபடி யோசிப்பார்கள். அரசுப் பள்ளிக்கு ஆள் சேர்க்க வீடுவீடாக ஏறி இறங்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல துண்டுப்பிரசுரம் கிடையாது.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கோரிக்கைப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் முன், பள்ளியைப் பற்றிய வரிகளை மேலே ஏற்றுங்கள். உங்கள் வட்டாரத்தில் எத்தனை பணியிடம் காலி, எந்தப் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்ற கணக்கை ஊர் மந்தையில் படித்துக் காட்டுங்கள். சம்பளத்துக்காக நீங்கள் தெருவில் உட்காரும் நாளில், அந்தக் கணக்கைக் கேட்ட பெற்றோர் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

செல்லிப்பட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று. ஊதிய ஆணை வந்த அதே 2009-இல்தான் கல்வி உரிமைச் சட்டமும் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது அது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.