டிரையர் சுற்றவில்லையா? தவணைக்குப் போகும் முன் ஒரு நிமிடம்



ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காய வைப்பதே நம் வீட்டுப் பெண்களுக்குப் பெரும்பாடு. பிள்ளைகளின் யூனிஃபார்ம் ஈரமாகக் கிடக்கும். வாஷிங் மெஷினின் டிரையரும் அந்த நேரம் பார்த்துத்தான் நின்றுபோகும். உடனே கடைக்குப் போகிறோம். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை மாதத் தவணையில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தத் தவணைக்குள் வட்டி ஒளிந்திருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் ஒரு சகோதரி, புது மெஷினுக்கு உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். மெக்கானிக்கை அனுப்பிப் பார்த்தோம். கெபாசிட்டர் மட்டும்தான் போயிருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. விவரம் தெரியாமல் இருந்திருந்தால் அவர் ஆயிரக்கணக்கில் கடனாளி ஆகியிருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் நீங்களே பார்க்கக்கூடியவை இவை. எதைத் தொடும் முன்பும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

1. அதிகமாக ஆடினால்: துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். சமமாகப் பரப்பி, மேலே வைக்கும் பிளாஸ்டிக் தட்டை அழுத்தி வையுங்கள்.

2. சுற்றியும் துணி பிழியவில்லை என்றால்: தண்ணீர் வெளியேறும் குழாய் மடங்கியிருக்கிறதா, நூலும் அழுக்கும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால்: பிளக்கைக் கழற்றிய பின், மூடியை மூடித் திறந்து, பிரேக் ஒயர் அசைகிறதா என்று கவனியுங்கள். மூடியை மூடினால்தான் பிரேக் விடும். ஒயர் துருப்பிடித்திருந்தால் பிரேக் விடாது. தொட்டிக்கு அடியில் கைக்குட்டையோ காலுறையோ சிக்கியிருந்தாலும் சுற்றாது. இவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான்.

4. சத்தமே இல்லை என்றால்: பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று வேறு பொருளைப் போட்டுப் பாருங்கள். வந்தால், மூடிக்குக் கீழுள்ள ஸ்விட்ச்சிலோ டைமரிலோ கோளாறு இருக்கலாம்.

இதற்கு மேல் மெக்கானிக்கின் வேலை. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். நீங்கள் கை வைக்க வேண்டாம். மூடி ஸ்விட்ச்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி ஓட்டும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. இது மிக ஆபத்து. தொட்டி நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. மூடியைத் திறந்து ஒரு குழந்தை கையை விட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி, நெல்லை ஜங்ஷன் பஸ் நிலையம் வரை வெள்ளம் நின்றது. அப்படி நனைந்த மெஷினை, வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், பிளக்கில் சொருகக் கூடாது. மெக்கானிக் மோட்டாரைக் கழற்றி உலர்த்திச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

எப்போது மாற்றலாம்? அடிப்பாகம் துருப்பிடித்து மோட்டார் நிற்காவிட்டாலோ, தொட்டி விரிசல் விட்டாலோ, பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலோ மாற்றுவது நல்லது. மோட்டார் எரிந்தாலும் வைண்டிங் செய்ய முடியும். விலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். டிரையர் மட்டும் நின்றிருந்தால் அவசரமே இல்லை. துவைக்கும் பக்கம் ஓடும். கையால் பிழிந்துகொண்டே சில மாதம் பணம் சேர்த்து, ரொக்கமாக வாங்கலாம்.

தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பழுது பார்த்துப் பயன்படுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. வீண்விரயமும் வட்டியும்தான் நாம் அஞ்ச வேண்டியவை.

பழுது பார்க்கவும் வசதியில்லாத குடும்பத்தினர் தயங்காமல் நமது அலுவலகத்தில் சொல்லுங்கள். தவணைத் தாளில் கையெழுத்துப் போடும் முன் சொல்லுங்கள். மெக்கானிக்கை அனுப்பிப் பார்த்து, ஆவன செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்